களிமண் பொலபொலப்பது எதனால்?

கேள்வி: ஆண்டுதோறும் தக்கைப்பூண்டு மடக்கி உழும் எங்கள் வயலில், கோடை உழவின்போது மண் பொலபொலவென்று உதிர்கிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் பாளம் பாளமாகப் பெயர்கிறது. இரண்டும் ஒரே களிமண்தானே?
– ஒரு வாசகர், பாபநாசம்

பதில்: களிமண் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய தகடுகளால் ஆனது. தகடுகளின் மேல் எதிர்மின்சுமை இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும். கால்சியம் இடையில் நின்று அவற்றை மட்கோடு பிணைக்கிறது. மட்கைத் தின்னும் பாக்டீரியாக்கள் சுரக்கும் பசை இப்பிணைப்பை இறுக்க, கால் மில்லிமீட்டருக்கு உட்பட்ட நுண்திரள்கள் உருவாகின்றன. அவற்றைச் சேர்த்துக் கட்டிக் குருணையாக்குபவை மெல்லிய வேர்களும் பூஞ்சை இழைகளும். குறிப்பாக, வேரோடு கூடி வாழும் மைக்கோரைசா. அதன் சுரப்பாக 1996இல் அமெரிக்க வேளாண் துறையின் சாரா ரைட் விவரித்த கிளோமாலின் பெரும்புகழ் பெற்றது. அது தனிப் புரதமா, பல பொருள்களின் கலவையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

நெல்வயலில் சேற்றுழவு இந்தக் குருணைகளை வேண்டுமென்றே உடைக்கிறது. தண்ணீர் கீழிறங்காமல் நிற்க அதுதான் வழி. தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் பூஞ்சை ஒடுங்குகிறது. துகள்களை ஒட்டியிருந்த இரும்பு ஆக்சைடிலும் ஒரு பகுதி கரைகிறது. மட்கு குறைந்த வயலில் அந்தச் சேறு காயும்போது அப்படியே இறுகிப் பாளமாகிறது. பூஞ்சை தலையெடுக்கக் கிடைப்பது தை அறுவடைக்கும் மேட்டூர்த் தண்ணீர் வருவதற்கும் இடைப்பட்ட மாதங்களே. அறுவடைக்கு முன்பே நிற்கும் நெல்லில் தெளித்துவிடும் உளுந்தும் பச்சைப்பயறும் அப்போது வேர்வழியே அதற்கு உணவு கொடுக்கின்றன.

தக்கைப்பூண்டின் வேலை வேறு. பூக்கும் தறுவாயில், ஏறக்குறைய 45 நாளில், மடக்கி உழும் இளந்தழை பாக்டீரியாக்களுக்குத் தீனி. ஆக்சிஜன் அற்ற சேற்றிலும் அவற்றில் பல இயங்கும். ஆனால் அந்தப் பசையையே வேறு நுண்ணுயிர்கள் தின்றுவிடும். ஓராண்டு மடக்கிவிட்டு நிறுத்தினால் மண் பழையபடி ஆவது இதனால்தான். நெல்தாள் மெதுவாக மட்கி நெடுநாள் உதவும். அறுவடை எந்திரம் விட்டுச்செல்லும் தாளைக் கொளுத்துவது மண்ணின் பிணைப்பைக் கொளுத்துவதே.

இரு வயல்களிலும் காய்ந்த கட்டி ஒன்றை எடுத்துத் தண்ணீர்க் குவளையில் மெல்ல இட்டுப் பார்க்கலாம். பிணைப்புள்ள கட்டி உருக்குலையாமல் கிடக்கும். இல்லாதது சில நிமிடங்களில் சரியும். நீர் கலங்கி, மணிக்கணக்கில் தெளியாமலே நின்றால் சோடியம் மிகுந்திருக்கக்கூடும். கடலோரக் கடைமடைகளில் இது உண்டு. அத்தகைய மண்ணில் தழையுரம் மட்டும் போதாது. மண் பரிசோதனை செய்து, தேவையான அளவு ஜிப்சம் இட்டு, சோடியத்தை நீரோடு வடித்த பிறகே தக்கைப்பூண்டின் பலன் முழுதாகத் தெரியும்.