தோட்டத்திற்கு ஒரு கூரை

ஆஸ்திரேலியாவின் மரே ஆற்றுப் பகுதியில் ஆரஞ்சுத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. ஆற்று நீரால் செழிக்கும் இத்தோட்டங்களுக்குக் காற்றும் ஆலங்கட்டி மழையும் பெரும் பகையாகும்.

பூவிதழ்கள் உதிர்ந்தபின் தோன்றும் பிஞ்சுகளின் தோல் மிகவும் மென்மையானது. காற்று வீசும்போது அவை கிளைகளிலும் இலைகளிலும் உரசிக் காயமடைகின்றன. பழம் பருக்கப் பருக்க, அந்தத் தழும்பும் பெரிதாகிறது. சுளை இனித்தாலும், தழும்பு மிகுந்த பழம் ஏற்றுமதிக்குத் தேறாது. பழச்சாறு பிழியக் குறைந்த விலைக்கே போகும். ஆலங்கட்டி மழையோ ஓராண்டு உழைப்பைச் சில நிமிடங்களில் அழித்துவிடும்.

இதனால், உழவர்கள் சிலர் உயரமான கம்பங்களை நட்டு, அவற்றின்மேல் கம்பிகளை இழுத்துக் கட்டி, தோட்டத்தை வலையால் மூடுகின்றனர். வலை காற்றின் வேகத்தைத் தணிக்கிறது, ஆலங்கட்டிகளைத் தாங்கிக்கொள்கிறது, வெயிலின் கடுமையையும் குறைக்கிறது.

வலைக்குள் தேனீக்கள் எளிதில் நுழைய இயலாது. எனினும், நேவல் ஆரஞ்சு மகரந்தச் சேர்க்கையின்றியே காய்க்கும். சில மாண்டரின் வகைகளில், தேனீக்கள் வராததால் விதையில்லாப் பழங்கள் கிடைக்கின்றன.

வலை அமைக்கப் பெருஞ்செலவாகும். ஆலங்கட்டி எந்த ஆண்டு விழும் என்பதும் எவருக்கும் தெரியாது. ஆனால், மழை பெய்து ஓய்ந்தபின் வலை கட்டிப் பயனில்லை. எனவே, வரவையும் செலவையும் எண்ணிப் பார்த்து, உழவர் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டியுள்ளது.