மூக்கையூர் போகுமுன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திருச்சுழியிலிருந்து பஸ் பிடித்து மூக்கையூர் போய், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடல் பாதுகாப்பு பற்றி 'விழிப்புணர்வு ஊட்ட'ப் போகிறீர்களாம். என்ன பேசலாம் என்று கேட்டிருக்கிறாய். அந்த 'ஊட்ட' என்ற சொல்லைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே எரிச்சல். ஊட்டிவிட அவர்கள் என்ன கைக்குழந்தைகளா? வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்துப் பேசுகிற வீட்டில் வளர்கிறவர்கள். நமக்குக் காற்று என்றால் ஆடி மாதத்தில் கண்ணில் மண்ணை அள்ளிப் போடுவது, அவ்வளவுதான்.

'நமக்கும் கடலுக்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும்' என்று வேறு எழுதியிருக்கிறாய். திருச்சுழிக் கோயிலை ஒட்டிக் கிடக்கிற குண்டாறு எங்கே போகிறது? கமுதிப் பக்கமாக இறங்கி, அதே மூக்கையூர் அருகில்தான் மன்னார் வளைகுடாவில் விழுகிறது. நேர்கோட்டில் அளந்தால் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். பல வருஷம் அதில் தண்ணீரே வராது, உண்மைதான். வெள்ளம் வருகிற வருஷத்தில், ஆற்றுக்குள் நாம் கொட்டி வைத்த பாலிதீனையும் பருத்திக் காட்டில் அடித்த மருந்தையும் வாரிக்கொண்டு போகும். குப்பையை அனுப்புவதும் நாம், பாடம் நடத்தப் போவதும் நாமா?

இனி என் பழைய பல்லவி. வகுப்பில் கேட்டுச் சலித்திருப்பாய், இருந்தாலும் சொல்கிறேன். நம் கண்மாய்கள் எப்படிக் கெட்டன? ஊரில் நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எத்தனை நேரம் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அறுவடையில் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள். கோடையில் ஊரே இறங்கி வண்டல் அள்ளும், அந்த வண்டல் அவரவர் காட்டுக்கே போகும். கண்மாயில் எல்லோருக்கும் பங்கு இருந்தது, அதனால் கரை உடைந்தால் நடுராத்திரியில் மண்வெட்டியோடு ஓடினார்கள். பிறகு மடைச்சாவி அலுவலகத்துக்குப் போயிற்று, தண்ணீர் பம்புசெட்டுக்குப் போயிற்று, பங்கு கைவிட்டுப் போயிற்று. இப்போது உள்ளே சீமைக்கருவேல் நிற்கிறது. கண்மாயைக் காப்போம் என்று பதாகை பிடித்து எந்தக் கருவேலமும் செத்ததாக நான் பார்க்கவில்லை.

கடலும் இதேதான். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். வேண்டிய காரியம்தான், மறுக்கவில்லை. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டி, இரண்டு தீவுகள் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. ஆனால் அப்பாவும் அம்மாவும் காலங்காலமாய் இறங்கிய தீவில் இனி கால் வைக்கக்கூடாது என்பதுதான் அங்குள்ள பிள்ளைக்குக் கிடைத்த முதல் பாடம். காவல் என்றால் கடலில் எடுத்ததைப் பையோடு பிடுங்குவது என்று அது புரிந்துகொண்டால் யார் குற்றம்?

அந்தக் கரையில்தான் வேறொன்றும் நடந்தது. பாம்பன் பக்கம் சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் கடல்பாசி எடுக்கிறார்கள். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்குவார்கள். பலர் சிறுமியாக இருந்தபோதே இறங்கியவர்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பாசிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைக் கேட்டாலே எனக்கு ஒரு மயக்கம். நம் ஊர்ப் பூக்கடையில் கட்டுகிற மரிக்கொழுந்து கடலுக்கடியிலும் முளைக்கிறதே! அந்தப் பெண்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் இறங்குவது, இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்திவைப்பது என்று தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. இப்படித் தாங்களே விதி போட்டுக்கொள்வதுதான் மடை திறக்கும் உரிமை. அம்மா போட்ட விதியை மகள் மீறினால் ஊர் கேட்கும், வனக்காவலர் வரவேண்டியதில்லை.

பாம்பனிலேயே 2016 முதல் 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி 90.4-இல் ஒலிக்கிறது. மீனவப் பிள்ளைகளே மைக் முன் உட்கார்ந்து காற்றையும் அலையையும் பேசுகிறார்கள். சென்னையில் 1988-இலிருந்து மாணவர்கள் இரவில் கரையோரம் நடந்து ஆமை முட்டைகளைக் காக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். ஆனாலும் 2025 ஜனவரியில் அதே கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. முட்டையைக் காத்தால் போதாது, தாய் இழுவலையில் சிக்கித் திணறுகிறது. வலை இழுக்கிறவரையும் மீன் வாங்குகிறவரையும் விட்டுவிட்டுப் பள்ளிப் பிள்ளையிடம் மட்டும் உறுதிமொழி வாங்குவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

மீனவர் வாழ்வைச் சொல்லும் ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' நாவல் 2004-இல் வந்தபோது வாங்கினேன். தமிழாசிரியன் நான், பக்கத்துக்குப் பத்துச் சொல் புரியவில்லை. அன்று போன கர்வம் திரும்பி வரவில்லை. நூலகத்தில் இருந்தால் எடுத்துப் படித்துவிட்டுப் போ.

தாயி, பதாகை வேண்டாம். ஒரு நோட்டு எடுத்துக்கொள். அங்குள்ள பிள்ளைகளிடம், நம் ஆறு கடலில் விழுகிற இடத்தைக் காட்டச் சொல். வெள்ளம் வந்த வருஷம் வலையில் என்னென்ன சிக்கியது என்று கேட்டு எழுதிக்கொள். 'சோநீவாடு' என்றால் என்ன என்றும் கேள். எனக்குத் தெரியும், நான் சொல்லமாட்டேன். திரும்பி வந்ததும் அந்த நோட்டோடு வீட்டுக்கு வா.

அன்புடன்,
உன் தமிழய்யா