கோழிப்பண்ணையும் அதன் சுற்றுப்புறமும்

கோழிப்பண்ணைக் கடனுக்காக அளிக்கப்படும் திட்ட அறிக்கைகளில் குஞ்சின் விலை, தீவனச் செலவு, எதிர்பார்க்கும் முட்டை விலை ஆகியவை காசுக் கணக்குப் பிசகாமல் எழுதப்பட்டிருக்கும். பண்ணையைச் சுற்றி என்ன இருக்கிறது என்பது மட்டும் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும். பறவைக் காய்ச்சலைப் பொறுத்தவரை, விரிவாக எழுதப்பட வேண்டியது அந்த ஒரு வரிதான்.

போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வு நிறுவனம் நோயை உறுதிசெய்ததும், மத்திய அரசின் செயல்திட்டப்படி பாதிக்கப்பட்ட பண்ணையைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகள் அனைத்தும் அழிக்கப்படுகின்றன. 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு நீடிக்கிறது. 2015 ஏப்ரலில் ஹைதராபாத்தின் புறநகரான ஹயத்நகரை அடுத்த தொர்ரூரில் எச்5என்1 கண்டறியப்பட்டபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் அழிக்கப்பட்டன. பண்ணைகள் நெருங்கியிருக்கும் இத்தகைய இடங்களில், நோயே அண்டாத பண்ணையும் அண்டை வீட்டாரின் நோயால் ஒரே நாளில் காலியாகிவிடும். கொட்டகை நிற்கும், தவணையும் நிற்கும், வருமானம் மட்டும் நின்றுவிடும்.

இக்கிருமியின் இயல்பான இருப்பிடம் நீர்ப்பறவைகள். வாத்துகள் பல வேளைகளில் நோயின் அறிகுறி எதையும் காட்டாமலேயே கிருமியைச் சுமந்து, எச்சத்தின் வழியாக நீரில் கலந்துவிடுகின்றன. குளிர்ந்த நீரிலும் ஈரமான எச்சத்திலும் அது நெடுநாள் உயிர்ப்புடன் இருக்கும். வெயிலும் வறட்சியும் அதன் ஆயுளைக் குறைக்கும். எனினும், தொர்ரூரில் நோய் வந்தது கோடையில் என்பதை மறந்துவிடலாகாது.

தாய்லாந்து, வியட்நாம் நாடுகளின் பரவலை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வொன்று, கோழிகளின் எண்ணிக்கையைவிட வாத்துகளின் எண்ணிக்கை, மக்கள்தொகை, நெற்சாகுபடியின் செறிவு ஆகியவற்றுடனேயே நோய் நெருக்கமாகத் தொடர்புற்றிருந்ததாகக் காட்டியது. அறுவடை முடிந்த வயலில் மேய விடப்படும் வாத்துகளும் வலசை வந்த பறவைகளும் ஒரே நீரில் இரை தேடுவதை எண்ணிப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். கேரளத்தின் குட்டநாட்டுப் பகுதியில் 2014 நவம்பரில் வாத்துகளிடையே நோய் பரவியதும் இத்தகைய நிலப்பரப்பில்தான். ஆந்திரத்தின் கிழக்கு, மேற்கு கோதாவரி மாவட்டங்களில் 2025 பிப்ரவரியில் நோய் தோன்றியது. கால்வாய், நெல்வயல், மீன்குளம், கோழிப்பண்ணை ஆகியவை ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் டெல்டா அது. கூழைக்கடாக்களும் நாரைகளும் கூடும் கொல்லேறு ஏரியும் தொலைவில் இல்லை.

தெலங்கானா மேட்டு நிலம். ஆயினும் நமக்குக் கவலையில்லை என்று கூற இயலாது. அந்தப் பிப்ரவரியில் ஆந்திரத்திலிருந்து வந்த கோழி வண்டிகளைத் தெலங்கானா அரசு எல்லையிலேயே தடுத்தது. அதே மாதத்தில் யாதாத்ரி புவனகிரி மாவட்டத்தின் சௌட்டுப்பல் வட்டாரத்திலும் நோய் உறுதியானது. சௌட்டுப்பல், ஹயத்நகர் இரண்டும் ஹைதராபாத் – விஜயவாடா நெடுஞ்சாலையில் அமைந்தவை. சாலையே காரணம் என்று இதைக்கொண்டு தீர்ப்பளிக்க முடியாது. ஆனால் பண்ணைக்குப் பண்ணை கிருமியைச் சுமப்பவை லாரிச் சக்கரம், முட்டை அட்டை, தீவன மூட்டை, பணியாளரின் செருப்பு ஆகியவை என்பதில் ஐயமில்லை. நீர் கொண்டுவருவதைச் சாலை பரப்புகிறது என்று கொள்ளலாம்.

எனவே, ஏரிக்கரையை ஒட்டி மலிவாகக் கிடைக்கும் நிலம் உண்மையில் மலிவானதன்று. இடம் பார்க்கச் செல்பவர் கோடையில் மட்டுமன்றி, வலசைப் பறவைகள் தங்கியிருக்கும் மார்கழி, தை மாதங்களிலும் ஒருமுறை சென்று பார்ப்பது நல்லது. அக்கம்பக்கத்துப் பண்ணைகள் எத்தனை, வாத்து மந்தைகள் வந்து போகும் வழி எது, செத்த கோழிகளை அங்குள்ளோர் எங்கே போடுகின்றனர் என்று விசாரிக்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் நேரான பதில் கிடைக்காது. சாலையோரப் பள்ளங்களே சொல்லிவிடும். முன்பே பண்ணை அமைத்துவிட்டவர்கள், ஏரி அல்லது கால்வாய் நீரைக் குளோரின் கலக்காமல் கோழிகளுக்குக் கொடுத்தலாகாது. கொட்டகைக்குப் பறவை புகாத வலை, வாயிலில் சக்கரங்களுக்குக் கிருமிநாசினித் தொட்டி, முட்டை வண்டி வேலிக்கு வெளியிலேயே நிற்க ஓரிடம் ஆகியவற்றுக்கான செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துக் கடன் கோரலாம்.

அரசின் இழப்பீட்டை மத்திய, மாநில அரசுகள் சரிபாதியாக ஏற்கின்றன. அது அரசு ஆணைப்படி அழிக்கப்பட்ட பறவைகளுக்கே உரியது. அதற்குமுன் நோயால் மடிந்தவற்றுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே, கோழிகள் வழக்கத்துக்கு மாறாக இறக்கத் தொடங்கிய அன்றே கால்நடை மருத்துவரிடம் தெரிவிப்பவருக்கே இழப்பு குறைவு. இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பவர் இழப்பீட்டையும் சேர்த்து இழக்கிறார். காப்பீடு எடுக்கும்போது, நோயால் இறப்பதற்கும் அரசு ஆணையால் அழிக்கப்படுவதற்கும் பாலிசியில் தனித்தனி விதி உள்ளதா என்பதைக் கையொப்பமிடுமுன் படித்துப் பார்க்க வேண்டும்.