கெபிக்கு முன்னால் ஒரு கையெழுத்து

கேள்வி: ஐயா, அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். வராத ஆசிரியர்களையும் வந்ததாகக் காட்டிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். தானியேல் கதையைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஆனாலும் சிங்கங்களின் வாய் எனக்காகக் கட்டப்படும் என்று நம்பத் துணிவில்லை. அந்தக் கதை என் போன்றவர்களுக்கு எதற்கு?

பதில்: சகோதரி, நீங்கள் இன்னும் சிங்கக் கெபிக்குள் விழவில்லை, கையெழுத்துப் போடும் இடத்தில் நிற்கிறீர்கள். தானியேல் புத்தகத்தின் ஆறாம் அதிகாரத்தில் அந்த இடத்தில் நிற்பவன் ராஜா தரியு. முப்பது நாள் தன்னைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் பண்ணக் கூடாது என்ற சட்டத்தை அதிகாரிகள் நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டான். அது தானியேலுக்கு வைத்த பொறி என்று புரிந்ததும் பொழுது சாயும்வரை அவரைக் காப்பாற்ற வழி தேடினான். மேதிய, பெர்சிய சட்டம் மாறாது என்று அவன் கையைக் கட்டிவிட்டார்கள். தானியேலைக் கெபியில் போட்ட அன்றிரவு அவன் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. நல்ல மனசுதான். மறுநாள் தானியேல் உயிரோடு மீண்டதும் அவனுக்கு வந்த வீரமோ, குற்றம் சாட்டியவர்களோடு அவர்களுடைய மனைவி பிள்ளைகளையும் சிங்கங்களுக்குப் போட்டது. ஓய்வுநாள் பள்ளியில் பெரும்பாலும் இந்த வசனத்துக்கு முன்பே கதையை முடித்துவிடுகிறோம். முடிக்கக் கூடாது.

இனி தானியேலைப் பாருங்கள். ரூபன்ஸ் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் தானியேல் திடகாத்திரமான இளைஞர். ஆனால் வேதப் புத்தகத்தின் கணக்குப்படி, யோயாக்கீம் காலத்தில் சிறைப்பட்டுப் போனவர், பாபிலோன் வீழ்ந்த கி.மு. 539-க்குப் பிறகு கெபிக்குப் போகிறார். எண்பதை ஒட்டிய முதியவர்! சட்டம் வந்த பின்னும் வழக்கம்போல, எருசலேம் பக்கம் திறந்த ஜன்னலருகே மூன்று வேளையும் முழங்கால்படியிட்டார்.

அந்த உறுதி சாப்பாட்டு விஷயத்தில் தொடங்கியது. முதல் அதிகாரத்தைப் படியுங்கள். அப்போதைய ராஜாவின் உணவு வேண்டாமென்று சிறுவன் தானியேல் சண்டை போடவில்லை. பிரதானியிடம் கேட்டான், அவர் தன் தலை போய்விடுமே என்று பயந்தார். உடனே விசாரிப்புக்காரனிடம் போய், பத்து நாள் பருப்பும் மரக்கறியும் தண்ணீரும் தந்து பாருங்கள் என்றான். அடுத்தவர் பயத்தையும் மதித்துக் கேட்ட கேள்வி அது. அதையும் தனக்காக மட்டும் கேட்கவில்லை; மூன்று நண்பர்களையும் சேர்த்துக்கொண்டான். எனக்குக் கெபியைவிட இந்த இடம் பெரிது.

நீங்களும் தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். "வராதவர்களுக்கு விடுப்பு என்றே எழுதித் தருகிறேன், இந்த ஒரு மாதம் பார்ப்போம்" என்று கேளுங்கள். மறுத்தால் உத்தரவை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வேலைக்கே சிக்கல் வரலாம். அதை மறைக்க எனக்கு மனமில்லை. ஆகவே முதலில் வீட்டில் பேசிவிடுங்கள். இதே உறுத்தல் உள்ள சக ஊழியர் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.