செயினை அடகு வைக்கும் முன்

திருவையாறு,
தை 22.

அன்புள்ள கயலுக்கு,

பெரியப்பா எழுதுவது. போனில் சொன்னால் "சரி பெரியப்பா, சரி பெரியப்பா" என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் இருந்தால் லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

உன் அம்மா நேற்று பேசினாள். நாதஸ்வர ரெக்கார்டிங்கைத் திறந்தாலே லேப்டாப் நீலமாகி நின்றுவிடுகிறதாம். கடைக்காரர் ஃபார்மேட் அடித்துப் பார்ப்போம், சரியாகாவிட்டால் போர்டு போயிருக்கும், புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றாராம். அறுத்த நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வந்தால்தான் எடுப்பார்கள், அதற்கப்புறம்தான் பணம். அதனால் உன் அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் செயினை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறானாம். செயின் என்றதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. ராத்திரி இரண்டு மணிவரை உன் அறையில் லைட் எரிகிறது, சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் சொன்னாள். அதை அப்புறம் பேசுவோம்.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சோகமுகம், அதன் கீழே ஸ்டாப் கோடு: டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல். அதற்கும் கீழே சின்ன எழுத்தில் 'வாட் ஃபெயில்டு' என்று ஒரு வரி, அதில் எஸ்ஒய்எஸ் என்று முடிகிற ஒரு கோப்பின் பெயர். அந்தப் பெயருக்குள்ளேயே ஆடியோ என்று இருக்கிறதே அம்மா! எது கெட்டது என்று மெஷினே எழுதிக் காட்டியிருக்கிறது. கடைக்காரர் அந்த வரியைப் படித்தாரா? நீ படித்தாயா?

டிரைவர் என்பது சவுண்ட் சிப்பிடம் விண்டோஸ் பேசுவதற்கான சின்ன புரோகிராம். சாதாரண புரோகிராம் தப்புச் செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். இந்த டிரைவர் விண்டோஸின் மையப் பகுதியான கர்னலுக்குள், எல்லா மெமரியையும் தொடுகிற உரிமையோடு ஓடுகிறது. தொடக்கூடாத நேரத்தில் தொடக்கூடாத இடத்தைத் தொட்டால், மேற்கொண்டு ஓடினால் ஹார்ட் டிஸ்கில் உள்ளது கெட்டுவிடக்கூடும் என்று விண்டோஸ் தானாகவே நின்றுகொள்கிறது. அந்த நீலத்திரை உன் கோப்புகளைக் காப்பாற்றத்தான் வருகிறது. அதைப் பார்த்து அழுதாய் என்று அம்மா சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இது நேற்று முளைத்த கோளாறும் இல்லை. நான் பாலிடெக்னிக் லேபில் இருந்தபோது, விண்டோஸ் 95, 98 காலத்தில், சவுண்ட் கார்டைத் தனியாக வாங்கிச் செருகுவோம். ஐஆர்க்யூ 5 என்று கையால் எண் கொடுக்க வேண்டும். நெட்வொர்க் கார்டும் அதே எண்ணைக் கேட்டால் இரண்டும் மோதி மெஷின் அப்படியே உறைந்துவிடும். எக்ஸ்பி வந்த பிறகும் தீரவில்லை. அதில் பதிவான செயலிழப்புகளில் 85 சதவீதம் டிரைவர்களால் வந்தவை என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2003-ல் எழுதினார்கள். 2007-ல் விஸ்டா வந்தபோது மைக்ரோசாஃப்ட் ஒலி வேலையில் பெரும்பகுதியைக் கர்னலிலிருந்து வெளியே எடுத்து வைத்தது. ஆனாலும் சிப்போடு நேரே பேசுகிற கடைசித் துண்டு இன்னமும் உள்ளேதான் இருக்கிறது. உன்னுடையது அங்கேதான் இடறுகிறது.

செயின் என்றதும் எனக்கு ஆற்றங்கரை வயல் மோட்டார்தான் ஞாபகம் வந்தது. அந்த விஷயத்தை உன் அப்பா சொல்லியிருப்பான். முழுதாகச் சொல்லியிருக்க மாட்டான். அப்போது அவன் சின்னப் பையன்.

அந்தக் குறுவையில் மோட்டார் காயில் கருகியது. தாத்தா ரீவைண்டிங்குக்குக் கொடுத்து மாட்டினார். மறுபடியும் கருகியது. மன்னார்குடி மாமா வந்து, "மோட்டாரே சரியில்லை அத்தான், மாத்திடுங்க" என்றார். ஏன் கருகுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நாற்று நட்டு நிற்கிறது, தண்ணீர் வேண்டும், அந்த அவசரம். அப்பாயியின் காசுமாலை அடகுக்குப் போனது, புது மோட்டார் வந்தது. அந்தப் போகம் முடியும் முன் அதுவும் கருகியது. அப்புறம்தான் வயர்மேன் வந்து ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தார். ஃபியூஸ் கேரியரில் ஒரு முனை லூசாகி, செம்பு கருத்துப்போய் இருந்தது. மூன்று ஃபேஸில் ஒன்று அவ்வப்போது விட்டுப்போக, மீதி இரண்டில் மோட்டார் முக்கி முக்கி ஓடிக் கருகியிருக்கிறது. ஒரு ஸ்க்ரூவை இறுக்கினால் தீர்ந்திருக்கும். பழைய மோட்டாரில் ஒரு குறையும் இல்லை.

காசுமாலை மீளவே இல்லை. உன் அத்தை கல்யாணத்தில் மணவறைக்குப் பக்கத்தில் அப்பாயி வெறுங்கழுத்தோடு நின்றாள். யாரோ கேட்டதற்கு, கொக்கி விட்டுப்போச்சு, ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். மாமா இன்றைக்கும் மோட்டார்தான் மோசம் என்கிறார். அவரோடு நான் சரியாகப் பேசுவதில்லை என்று உன் அம்மாவுக்கு வருத்தம்; இருக்கட்டும். காரணம் தெரியாமல் சாமானை மாற்றுகிற வேலை நம் வீட்டில் இன்னொரு முறை நடக்கக்கூடாது கயல். அதுவும் கழுத்து நகையில் நடக்கக்கூடாது.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? உலகம் முழுக்க கம்ப்யூட்டர்கள் நீலமாகின. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட் கோப்பில் பிழை. அதைப் படித்ததும் கர்னலுக்குள் இருக்கிற அவர்களுடைய டிரைவர் விழுந்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அத்தனை பெரிய சங்கடத்துக்கு வைத்தியம் என்ன தெரியுமா? சேஃப் மோடில் போய் அந்த ஒரு கோப்பை நீக்கு, மறுபடி ஸ்டார்ட் செய். 85 லட்சம் மெஷினையும் யாரும் மாற்றவில்லை.

இனி நீ செய்ய வேண்டியது. பகலில் செய். சாப்பிட்டுவிட்டுச் செய்.

எதையும் தொடுவதற்கு முன் ரெக்கார்டிங் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வை. நரசிங்கன்பேட்டைப் பட்டறையில், பழைய வீடுகளில் இறக்கிய ஆச்சா மரத்தைக் கடைகிற சத்தத்திலிருந்து பிடித்து வைத்திருக்கிறாய். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பெருமைப்பட்டவர்கள் நிறையப் பேர். மைக்கைத் தூக்கிக்கொண்டு போனவள் நீ. அங்கே வாசித்துக் காட்டிய பெரியவர் இப்போது ஊதுவதில்லை என்றாய். ஃபார்மேட் அடிக்கிற பையனுக்கு அது தெரியுமா? சி டிரைவை மட்டும்தான் அழிப்பேன் என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு அழித்துவிடுவான். லேப்டாப் வேறு வாங்கலாம். அந்தப் பெரியவர் வாசித்த தோடியை வேறு எங்கே வாங்குவாய்?

அடுத்து, டிஸ்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கரின் ரெக்கவரி கீ, 48 இலக்க எண். உன் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும். எடுத்து நோட்டில் எழுதிக்கொள். சேஃப் மோடுக்குப் போகும்போது சில மெஷின்கள் கேட்கும். க்ரவுட்ஸ்ட்ரைக் சமயத்திலும் இந்த எண் கைவசம் இல்லாததால் பல அலுவலகங்கள் திண்டாடின.

இனி எந்த டிரைவர் என்று பார். உனக்கு ஒலி இரண்டு வழியில் போகிறது: லேப்டாப்புக்குள் இருக்கும் சிப், யுஎஸ்பியில் செருகுகிற ஆடியோ இன்டர்ஃபேஸ். இரண்டுக்கும் தனித்தனி டிரைவர். டிவைஸ் மேனேஜரில் ஒலிச் சாதனங்கள் பகுதியைத் திறந்து, ஒவ்வொன்றின் ப்ராப்பர்ட்டீஸிலும் 'டிரைவர் டீடெயில்ஸ்' பார். நீலத்திரையில் வந்த பெயர் எதன் கீழே இருக்கிறதோ அதுதான் ஆள். வெர்ஷன் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள். ரிலையபிலிட்டி மானிட்டரைத் திறந்தால் எந்த நாளிலிருந்து மெஷின் விழ ஆரம்பித்தது, அதற்கு முன் என்ன அப்டேட் ஏறியது என்று நாள்வாரியாகக் காட்டும்.

எண்ணை ஏன் குறிக்கச் சொல்கிறேன் என்றால், 2021-ல் விண்டோஸ் 11 வந்த புதிதில் இன்டெல்லின் ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி டிரைவரால் 11-ஆம் தலைமுறை கோர் பிராசஸர் மெஷின்கள் சில இப்படித்தான் நீலமாகின. எண் 5152 என்று முடிகிற டிரைவரில் தகராறு. 5714 என்று முடிகிறது சரியானது. டிரைவரை மாற்றும்வரை அந்த மெஷின்களுக்கு விண்டோஸ் 11 போகாமல் மைக்ரோசாஃப்ட் நிறுத்தி வைத்தது. லேப்டாப் அதே லேப்டாப், சிப் அதே சிப். கடைசி நான்கு இலக்கத்தில் இருந்தது வித்தியாசம். உன்னுடையதும் அதுதான் என்று நான் சொல்லவில்லை. எண்ணைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதே என்கிறேன்.

பிறகு ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடு. டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், மறுபடி ஏறும்போது 4-ஐ அழுத்து. சேஃப் மோடில் சத்தமே வராது, பயப்படாதே. சவுண்ட் டிரைவரை ஏற்றாமல்தான் அது எழுகிறது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவை. விழாமல் நின்றால் நம் சந்தேகம் பலமாகிறது. டிவைஸ் மேனேஜருக்குப் போய் அந்தச் சாதனத்தில் 'ரோல் பேக் டிரைவர்' கொடு, பழைய டிரைவர் திரும்பும். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, டிரைவரையும் நீக்கு என்று கேட்கிற கட்டத்தில் டிக் போடு. அதைப் போடாவிட்டால் அதே கெட்ட டிரைவர் திரும்ப ஏறும். கோப்பைக் கையால் தேடி அழிக்காதே.

சாதாரணமாக ஸ்டார்ட் செய்ததும் உள் சிப்பாக இருந்தால் விண்டோஸ் தன்னிடமுள்ள பொதுவான 'ஹை டெஃபினிஷன் ஆடியோ' டிரைவரைப் போட்டுக்கொள்ளும். ஒலி கொஞ்சம் சுமாராக இருக்கலாம். இரண்டு நாள் அதிலேயே ஓட்டு. விழாவிட்டால், லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உன் மாடல் எண்ணைக் கொடுத்து வருகிற டிரைவரை மட்டும் போடு. இன்டர்ஃபேஸ்தான் ஆள் என்றால் அதைச் செய்தவர்களின் தளத்திலிருந்து. எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறேன் என்கிற இலவச சாஃப்ட்வேர் எதையும் உள்ளே விடாதே.

சேஃப் மோடிலும் விழுகிறது, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஸ்டாப் கோடு வருகிறது என்றால் டிரைவரை விட்டுவிட்டு ரேமைச் சோதிக்க வேண்டும். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. அதிலும் குறை தெரிந்தால் நானே தஞ்சாவூருக்கு உன்னோடு வந்து கடை ஏறி இறங்குகிறேன்.

முடிவு உன்னுடையதுதான். நீ வளர்ந்துவிட்டாய், சம்பாதிக்கிறாய், பெரியப்பா குறுக்கே நிற்க மாட்டேன். ஃபார்மேட் அடிக்க வேண்டும் என்றால் அடித்துக்கொள். அப்டேட் ஓடியதும் அதே டிரைவர் தானாக வந்து உட்காரலாம், அதை மட்டும் யோசித்துக்கொள். செயினை வைத்துப் புது லேப்டாப் வாங்குவதானாலும் வாங்கு. குறை இன்டர்ஃபேஸ் டிரைவரில் இருந்து, அதையே புது லேப்டாப்பிலும் ஏற்றி, அதுவும் நீலமானால், அன்றைக்கு வைக்க வீட்டில் இன்னொரு செயின் இல்லை. இதை உன் அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீ செய்து பார்க்கிறவரை சொல்லவும் மாட்டேன்.

அதிகமாகப் பேசிவிட்டேன். நம் வீட்டிலேயே கெட்டிக்காரி நீதான். அத்தை, உன் அப்பா, நான், எங்கள் பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்தே சொல்கிறேன். நாங்கள் யாரும் செய்யாத வேலையை நீ தனியாகச் செய்கிறாய். போன பொங்கலுக்கு நீ ஹெட்போனை மாட்டிவிட்டுக் கேட்க வைத்த தவில் என் காதுக்குள்ளேயே இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் என் தம்பி மகள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ தூங்காமல் இருந்தால் எனக்கும் தூக்கம் வருவதில்லை, அவ்வளவுதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு. சரியானாலும் வா, ஆகாவிட்டாலும் வா. பெரியம்மா அசோகா கிண்டுகிறேன் என்கிறாள், பாசிப்பருப்பு வறுத்தாகிவிட்டது. நீ வராவிட்டால் நான் கிளம்பி வந்துவிடுவேன், சொல்லிவிட்டேன்.

ஆசிகளுடன்,
பெரியப்பா

பி.கு.: அந்த 48 இலக்க எண்ணை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதே. எனக்கும் அனுப்ப வேண்டாம். வரும்போது நோட்டைக் கொண்டு வா.