தாய்மொழி வகுப்பு தொடங்கும் பிள்ளைகளுக்கு

கேமரன் மலையின் திரிங்காப்பில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்தக் கிளம்பியிருக்கிறீர்கள். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. மூத்தவன் என்ற உரிமையில் சில வார்த்தை சொல்கிறேன்.

1. ஞாயிறு வகுப்போடு நின்றுவிடாதீர்கள். படிக்கும் வயதில் 10 பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்று மலாயாவின் 1923 தொழிலாளர் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. இன்று கேட்கவேண்டியவர்கள் பெற்றோர். தேசியப் பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க 1996 கல்விச் சட்டத்தில் இடமுண்டு. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குங்கள். செமாய் போன்ற பூர்வகுடி மொழிகளுக்கும் அதே சட்டத்தில் வழியிருக்கிறது. அந்த மக்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

2. பாட்டிகளை வகுப்பில் உட்கார வையுங்கள்; அவர்கள் பேச்சைப் பிள்ளைகள் கேட்கட்டும். வட அமெரிக்காவில் ஒஜிப்வே என்ற பூர்வகுடிப் பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய், தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். அதைச் சரளமாகப் பேச முதியவர்களே மிஞ்சினார்கள். பிறகு விஸ்கான்சினில் வாடூக்கோடாடிங் என்ற பள்ளியைத் தொடங்கி, ஒஜிப்வேயிலேயே பாடம் நடத்துகிறார்கள். முதியவர்கள் மட்டுமே பேசும் நிலை நமக்கு வரவில்லை; வரவும் விடக்கூடாது.

3. பெரியவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், அவர்கள் சம்மதத்தோடு. "அந்தக் காலத்துல வாழ்க்கை எப்படி?" என்று கேட்டால் "கஷ்டந்தான்" என்று முடித்துவிடுவார்கள். "பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீங்க பாட்டி? கைப்பிள்ளைய யார்கிட்ட விடுவீங்க?" என்று கேளுங்கள் (பெரட்டு என்பது காலையில் ஆள் கணக்கெடுப்பது). ஆயாக்கொட்டகை வரும், கங்காணி வருவார், தேயிலைக் கொழுந்து நிறுக்கையில் ஈரத்துக்கென்று கழித்த எடை வரும், அதற்காகப் போட்ட சண்டையும் வரும். அங்கே குறுக்கிடாதீர்கள், பேசவிடுங்கள். இப்போது கொழுந்தை இயந்திரம் வெட்டுகிறது. கையால் கிள்ளியவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.

4. மலாய் கலந்து பேசும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஒருமுறை கூசிப்போனால் பிறகு வாயே திறக்காது. பேசட்டும், நீங்கள் நல்ல தமிழில் பதில் சொன்னால் போதும்.

5. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே. அதைக்கூடப் பல பெற்றோர், புள்ளி குறைந்துவிடும் என்று பயந்து விடச் சொல்கிறார்கள். படிவம் 1-க்குப் போகும் பிள்ளைகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைத்து, எஸ்.பி.எம். தமிழ்த் தேர்வு எழுதி முடிக்கும் வரை ஒவ்வொருவருக்கும் துணையாக இருங்கள். கட்டுரைக்கு உதவி வேண்டுமென்றால் என் வீட்டுக்கு அனுப்புங்கள்.