விலைபோகாத கணினியும் விற்றுத் தீர்ந்த அட்டையும்

1980களில் அலுவலகங்களிலும் வீடுகளிலும் இருந்த கணினிகள் பெரும்பாலும் ஊமைக் கணினிகளே. ஏதேனும் பிழை நேர்ந்தால் ‘பீப்’ என்று ஒலி எழுப்பும்; அதற்குமேல் அவற்றுக்குக் குரல் இல்லை. கணக்குப் போடவும் கடிதம் அடிக்கவும் பயன்படும் கருவிக்கு இசை எதற்கு என்று பலரும் எண்ணிய காலம் அது. அவ்வாறு எண்ணாத ஒருவர் சிங்கப்பூரில் கணினி பழுதுபார்க்கும் சிறிய கடையை நடத்தி வந்தார். அவர் பெயர் சிம் வோங் ஹூ.

1955இல் பிறந்த சிம், புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் ஒரு கம்பத்தில் வளர்ந்தவர். குடும்பம் பெரியது, வசதி குறைவு. பள்ளி நாள்களில் அவர் ஹார்மோனிகா வாசிக்கக் கற்றுக்கொண்டார். பின்னர், நீ ஆன் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று 1975இல் தேர்ச்சி பெற்றார். இசையில் ஆர்வம், மின்னணுக் கருவிகளில் பயிற்சி என இவ்விரண்டும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்ததை நினைவில் கொண்டால், பின்னால் நடந்தவை எளிதில் விளங்கும்.

1981ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், கல்லூரி நண்பர் ஒருவருடன் சேர்ந்து ‘கிரியேட்டிவ் டெக்னாலஜி’ நிறுவனத்தை அவர் தொடங்கினார். நிறுவனம் என்று சொன்னாலும், அப்போது அது சைனாடவுனில் பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில் இருந்த ஒரு சிறு கடைதான். கணினிகளைப் பழுதுபார்ப்பதும் ஆப்பிள் 2 கணினிக்கு நினைவக அட்டை தயாரிப்பதும் தொடக்கக்கால வேலைகள். இன்று தொழில் தொடங்க விரும்பும் இளையர் பலர், பெரிய முதலீட்டாளர் கிடைக்கும்வரை காத்திருக்கின்றனர். கிரியேட்டிவ் அப்படிக் காத்திருக்கவில்லை. சிறு வேலைகளில் வரும் வருமானம் வாடகைக்கும் சம்பளத்துக்கும் உதவும். பிறர் செய்த கருவிகளைத் திறந்து பார்க்கும் வாய்ப்பும் அதனுடன் கிடைக்கும். அந்தப் பாடத்துக்குக் கட்டணம் இல்லை என்பது கூடுதல் நன்மை.

ஆயினும், சிம்மின் கனவு பழுதுபார்ப்பதோடு நிற்கவில்லை. சொந்தமாக ஒரு கணினியை உருவாக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். பல மாத உழைப்புக்குப் பின் 1986இல் அவருடைய குழு ‘கியூபிக்’ வரிசையில் புதிய கணினி ஒன்றை வெளியிட்டது. அதில் வண்ணப் படங்கள் தெரிந்தன, சீன எழுத்துகளைப் பயன்படுத்த முடிந்தது, ஒலியும் கேட்டது. அக்காலத்துக்கு அது வியப்பளிக்கும் கருவி.

ஆனால், அது விலைபோகவில்லை. மலிவான கணினிகள் பல நாடுகளிலிருந்து சந்தைக்கு வந்து குவிந்துகொண்டிருந்த நேரம் அது. சிங்கப்பூரின் சந்தையோ மிகச் சிறியது. சிறப்பான கருவி என்று பாராட்டுவோர் எல்லாரும் பணப்பையைத் திறப்பதில்லை. புதிதாகத் தொழில் தொடங்குவோர் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றனர். சிலர் அதே பொருளை இன்னும் மெருகேற்றிக்கொண்டே கடனில் மூழ்குகின்றனர். சிலர் கடையை மூடிவிடுகின்றனர்.

சிம்மின் குழு வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. முழுக் கணினியையும் மக்கள் வாங்கவில்லை, சரி. அதன் ஒரு பகுதியை மட்டும் வாங்குவார்களா? பிறருடைய கணினிகளில் செருகக்கூடிய இசை அட்டை ஒன்றை 1987இல் கிரியேட்டிவ் தயாரித்தது. ‘கிரியேட்டிவ் மியூசிக் சிஸ்டம்’ என்பது அதன் பெயர். ஒரே நேரத்தில் பன்னிரண்டு சுரங்களை எழுப்பும் ஆற்றல் அதற்கு இருந்தது. அடுத்த ஆண்டு சிம் அமெரிக்காவுக்குச் சென்று, சிலிக்கன் பள்ளத்தாக்கில் கிளை அலுவலகம் ஒன்றை அமைத்தார். கணினி வாங்குவோரும் கணினி விளையாட்டுகளை உருவாக்குவோரும் அங்கேதான் அதிகம். சிங்கப்பூரில் இருந்துகொண்டு அவர்களுடைய தேவைகளை ஊகிப்பதைவிட, நேரில் சென்று கேட்பதே மேல் என்பது அவரது முடிவு.

அங்கு ஓர் உண்மை தெரிய வந்தது. அட்டையை நாடியவர்கள் இசையமைப்பாளர்கள் அல்லர், கணினியில் விளையாடுவோர். அதனால், அதே அட்டை 1988இல் ‘கேம் பிளாஸ்டர்’ என்ற புதிய பெயரில் அமெரிக்கக் கடைகளுக்குச் சென்றது. உள்ளே இருந்த சில்லுகள் மாறவில்லை. பெட்டியின் மேல் இருந்த பெயர்தான் மாறியது.

பெயர் மாற்றம் மட்டும் போதவில்லை. கனடாவைச் சேர்ந்த ‘ஆட்லிப்’ என்ற நிறுவனத்தின் ஒலி அட்டை அப்போது முன்னணியில் இருந்தது. விளையாட்டுகளை உருவாக்குவோர் அந்த அட்டைக்கு ஏற்பவே இசையை எழுதி வந்தனர். வேறோர் அட்டையை வாங்குபவருக்கு அந்த இசை கேட்காது. இங்கே தன்மானம் பார்த்திருந்தால், கிரியேட்டிவின் கதை அத்துடன் முடிந்திருக்கலாம். ஆட்லிப் அட்டைக்கு எழுதப்பட்ட இசையைத் தன் அட்டையும் ஒலிக்கச் செய்யும்படி கிரியேட்டிவ் வடிவமைத்தது. அதோடு, மனிதக் குரலைப் பதிவுசெய்து திரும்ப ஒலிக்கும் வசதியையும் சேர்த்தது.

மூன்றாவதாக இன்னொன்றும் சேர்ந்தது. பார்வைக்கு அது மிகச் சிறிய விஷயம். அக்காலத்தில் ஜாய்ஸ்டிக் கொண்டு விளையாட விரும்புவோர், அதை இணைப்பதற்கென்றே தனி அட்டை ஒன்றை வாங்க வேண்டியிருந்தது. அது பணச்செலவு மட்டுமன்று. கணினிக்குள் இருந்த சில செருகிடங்களில் ஒன்றையும் அது பிடித்துக்கொண்டது. ஒலி அட்டையிலேயே ஜாய்ஸ்டிக் இணைப்பும் இருந்தால் இரண்டும் மிச்சம். இசைக்கும் ஜாய்ஸ்டிக்கிற்கும் தொடர்பில்லைதான். ஆனால், இரண்டையும் வாங்கும் பயனர் ஒருவரே. ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து ஒலியின் தரத்தை மட்டும் கவனித்தவர்களுக்கு இது தோன்றியிருக்காது.

‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்ற அந்த அட்டை, 1989இல் லாஸ் வேகஸ் நகரில் நடைபெற்ற கோம்டெக்ஸ் கண்காட்சியில் அறிமுகமானது. சில ஆண்டுகளில் அது உலகச் சந்தையைப் பிடித்தது. விளையாட்டுப் பெட்டிகளின் மேல் ‘சவுண்ட் பிளாஸ்டருக்கு ஏற்றது’ என்று அச்சிடும் நிலை வந்தது. 1992இல் ஆட்லிப் நொடித்துப்போனது. அதே ஆண்டில், அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனம் என்ற பெயரைக் கிரியேட்டிவ் பெற்றது.

சிங்கப்பூரர்களின் மனப்போக்கைப் பற்றிச் சிம் கூறிய ஒரு கருத்தும் புகழ்பெற்றது. அமெரிக்கச் சாலைகளில் தடை என்று அறிவிப்புப் பலகை இல்லாத இடத்தில் வண்டியைத் திருப்பலாம். சிங்கப்பூரிலோ அனுமதி என்று பலகை இருக்கும் இடத்தில் மட்டுமே திருப்பலாம். இந்த ஒப்பீட்டைக் கொண்டு, விதியில் சொல்லப்படாத எதையும் செய்யத் தயங்கும் பழக்கத்தை அவர் 1999இல் வெளிவந்த தம் நூலில் விமர்சித்தார்.

வெற்றிக்குப் பின் கிரியேட்டிவ் வேறொரு சோதனையைச் சந்தித்தது. ஒலி இல்லாத கணினியே இல்லை என்ற நிலை வந்ததும், கணினித் தயாரிப்பாளர்கள் ஒலிச் சில்லைத் தாய்ப்பலகையிலேயே பொருத்தத் தொடங்கினர். தனி அட்டைக்குத் தேவை குறைந்தது. கிரியேட்டிவ் கையடக்க இசைக் கருவிகளின் பக்கம் திரும்பியது. 2000இல் அது வெளியிட்ட ‘நோமேட் ஜூக்பாக்ஸ்’ கருவி 6 கிகாபைட் கொள்ளளவு கொண்டது. மறு ஆண்டு வந்த ஆப்பிளின் ஐபாட் 5 கிகாபைட்தான். ஆனால், நோமேட் குறுவட்டுக் கருவி அளவுக்குப் பெரியது. அதில் பாடல்களை ஏற்ற நெடுநேரம் பிடித்தது. ஐபாட் சட்டைப்பையில் அடங்கியது. பாடல்கள் விரைவாக ஏறின. மக்கள் ஐபாட்டை வாங்கினர். ஜாய்ஸ்டிக் இணைப்பின் அருமையை ஒருகாலத்தில் கண்டறிந்த நிறுவனமே, பத்து ஆண்டுகள் கழித்துச் சட்டைப்பையின் அளவைக் கவனிக்கத் தவறியது.

இசைக் கருவியில் பாடல்களை வரிசைப்படுத்திக் காட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்த கிரியேட்டிவ், ஆப்பிள்மீது வழக்குத் தொடுத்தது. 2006இல் ஆப்பிள் 100 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பணம் வந்தது, இழந்த சந்தை திரும்பவில்லை.

அதன் பிறகும் சிம் ஓய்வுபெறவில்லை. தலைபேசியில் கேட்கும் ஒலி, அறையின் பல திசைகளிலிருந்து வருவதுபோல் தோன்றச் செய்யும் தொழில்நுட்பத்தில் அவர் பல ஆண்டுகள் ஈடுபட்டார். 2018இல் அதை வெளியிட்டபோது அவருக்கு வயது 63. 2023 ஜனவரி 4ஆம் நாள் காலமானபோதும், பேர்ல்ஸ் சென்டரில் தொடங்கிய அதே நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாகவே அவர் இருந்தார்.